கை நனைக்காத பத்து நாள்

என் தங்கை இத்தாலியிலுள்ள பலெர்மோவிலிருந்து மொன்றியலுக்கு வந்தபோது அவளுடைய பெரிய பெட்டியில் உடுப்பைவிடச் சாப்பாட்டுச் சாமான்தான் கூட இருந்தது. ஒரு பெரிய தகரம் நிறைய ஒலிவ் எண்ணெய், ஏழெட்டுப் பக்கெட் பாஸ்தா, ஒரு கட்டுக் காய்ந்த ஒரேகானோ, ஒரு கட்டிப் பாற்கட்டி, ஒரு சட்டி, ஒரு தட்டு, ஒரு கரண்டி. உப்பும் கொண்டு வந்திருந்தாள். எண்ணெய்த் தகரத்தைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, உப்புப் பக்கெட்டைக் கண்டதும்தான் வயிறு பற்றி எரிந்தது. எங்கள் செயின்ட்-மிஷேல் பகுதியில் உப்பு விற்காத கடையும் உண்டா?

காரணம் எனக்குத் தெரியாததல்ல. பதினொரு வருஷத்துக்கு முன்பு, இதே வீட்டு முன்னறையில் நின்று அவள் சொன்ன சொல்: "இனி என்ர சீவியத்தில உன்ர வீட்டில கை நனைக்க மாட்டன். பச்சைத் தண்ணியும் குடிக்க மாட்டன்." எங்கள் ஆட்கள் கோபத்தில் எத்தனையோ சொல்வார்கள், மறுநாள் மறந்தும் போவார்கள். ஆனால் உன் வீட்டில் சாப்பிட மாட்டேன் என்று ஒருவர் சொல்லிவிட்டால் அது லேசில் மாறாது. நல்லது கெட்டதுக்கு வருவார்கள், கதிரையில் இருப்பார்கள், சிரித்துக் கதைப்பார்கள், தேத்தண்ணியை நீட்டினால் இப்போதுதான் குடித்தேன் என்பார்கள். அப்படியே கிழவர்களாகிச் செத்தும் போவார்கள். என் தங்கை அந்த ரகம்.

நடந்தது இதுதான். எங்கள் அம்மா பதினான்கு மாதம் என் வீட்டில் படுக்கையில் கிடந்து ஒரு வியாழக்கிழமை செத்துப் போனா. தங்கைக்கு விசா கிடைத்து ஞாயிறு மத்தியானம் வந்து இறங்குவதாக இருந்தது. நாங்கள் சனிக்கிழமையே எரித்துவிட்டோம். மரணச் சடங்கு மண்டபத்தில் வேறு நாள் இல்லை என்று பிறகு அவளிடம் தொலைபேசியில் சொன்னேன். அது பொய். திங்கட்கிழமை காலையும் இருக்கிறது, எது வசதி என்று மண்டபத்தில் கேட்டார்கள். நான்தான் சனி என்றேன். அது எனக்கும் என் வீட்டுக்காரர் இவருக்கும் மட்டும் தெரியும். ஞாயிறு மத்தியானம் இவர் போய், வழியில் ஒன்றும் சொல்லாமல், அவளை விமான நிலையத்திலிருந்து கூட்டி வந்தபோது நான் நித்திரையில் இருந்தேன். பொழுதுபட நான் எழும்பி வரும்வரை அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் முன்னறையில் இருந்திருக்கிறாள். என்னைக் கண்டதும் எழுந்து அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு, சிநேகிதி ஒருத்தி வீட்டுக்குப் போய்விட்டாள்.

இப்போது அவள் வந்தது எனக்காக அல்ல. என் பெறாமகளுக்கு, அதுதான் அவளுடைய மகளுக்கு, சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் உள்ள விவசாயக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. கொண்டுவந்து விட வேண்டும். விடுதி திறக்கப் பத்து நாள் இருந்தது. பெரியம்மா வீடு இருக்கும்போது ஹோட்டலில் தங்க மாட்டேன் என்று பிள்ளை ஒற்றைக்காலில் நின்றிருக்கிறாள். அதனால் வந்தார்கள். பத்து நாள். அதற்குள் அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். பதினொரு வருஷமாக அது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. சொன்னால் இப்படி உப்பைக் கட்டிக்கொண்டாவது வந்த தங்கை இனி ஒருபோதும் வராமல் போய்விடுவாள் என்ற பயமும் இருந்தது. எதற்கும் சரியான நேரம் வரட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். நேரம் எங்கே வருகிறது!

நான் ஒரு முதியோர் இல்லத்தில் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். காலை ஆறரைக்கு பஸ், மூன்றரைக்கு வேலை முடியும். முழங்கால் இரண்டும் எனக்கு முன்பே ஓய்வு எடுத்துவிட்டன. வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்ற முன்பே உலை வைக்கிற ஆள் நான். அந்தப் பத்து நாளும் நான் வரும்போது சமையல் முடிந்திருக்கும். அவள் சமைத்தது, அவள் சாமானில், அவள் சட்டியில். தண்ணீர்கூட முனையில் உள்ள தெப்பனேர் கடையில் போத்தலாக வாங்கி வைத்திருந்தாள். அடுப்பு மட்டும் என்னுடையது. அடுப்புக்கு ரோசம் இல்லையாக்கும் என்று இவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அந்த மனுசன் தன் தட்டைக் கழுவித் துடைத்து ஏற்கனவே மேசைக்கு வந்துவிட்டிருந்தார். எங்களுக்கு ஒரு சபதமும் இல்லையே, நாங்கள் சாப்பிட்டோம்.

தங்கை பலெர்மோவில் ஒரு வயதான தம்பதி வீட்டில் இருபது வருஷமாகச் சமைக்கிறாள். முதல் நாள் அவள் செய்ததைப் பார்த்தபோது இதென்ன நோயாளிச் சாப்பாடு என்றுதான் நினைத்தேன். கத்தரிக்காயை வட்டமாக வெட்டி, உப்புப் போட்டு, தண்ணீர் விடவிட்டுப் பிழிந்து, எண்ணெயில் பொரித்தாள். இரண்டு பல் உள்ளி, தக்காளி, பேசில் இலை. அவித்த பாஸ்தாவில் அதைக் கொட்டி மேலே அந்தப் பாற்கட்டியைத் துருவினாள். தூள் இல்லை, தாளிதம் இல்லை, தேங்காய்ப்பால் இல்லை. வறுத்து அரைத்து வியர்த்து வழிந்து முப்பது வருஷம் நான் செய்த சமையல் எல்லாம் யாரோ விதித்த தண்டனை மாதிரி எனக்குத் தோன்றியது. வேலை உடுப்போடு நின்றபடி ஒரு வாய் வைத்தேன். கத்தரிக்காய்க்குக் கத்தரிக்காயின் ருசி, தக்காளிக்குத் தக்காளியின் ருசி. கதிரையை இழுத்துப்போட்டு இருந்துவிட்டேன். என் தட்டில் இன்னொருத்தர் சாப்பாடு போட்டு எவ்வளவு காலம் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அழுகையும் வந்தது. முழங்கால் நோகிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் ஒன்று. கடலை மாவைக் களியாகக் கிண்டி ஆறவிட்டு வெட்டிப் பொரித்து, எலுமிச்சை பிழிந்து பாணுக்குள் வைத்துத் தந்தாள். சாளை மீனை முள்ளெடுத்து, உலர்ந்த திராட்சையும் பாண் தூளும் வைத்துச் சுருட்டிச் சுட்டாள். மீனுக்குள் திராட்சையா என்று நான் முகத்தைச் சுளித்தேன். இவர் ஆறு சுருள் சாப்பிட்டார். அவள் எங்களுக்குப் பரிமாறிவிட்டு, தன் தட்டில் தன் பங்கை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கமாகத் திரும்பி இருந்து சாப்பிடுவாள். என்னோடு தேவைக்கு மட்டும் கதைத்தாள். துவாய் எங்கே, குப்பை எந்த நாள் எடுப்பார்கள், இவ்வளவுதான். சாப்பிடுகிறாயா என்று நான் கேட்பதை மூன்றாம் நாளோடு விட்டுவிட்டேன்.

ஒருநாள் பெறாமகளோடு மூன்று பேருமாக ஜான்-டலோன் சந்தைக்குப் போனோம். ஓகஸ்ட் கடைசி, தக்காளி மலை மலையாகக் குவிந்து கிடந்தது. தங்கை ஒவ்வொரு பழமாக எடுத்துக் காம்புப் பக்கத்தை மணந்து பார்த்தாள். வயதான வியாபாரி ஒருவர் அதைக் கவனித்து இத்தாலியனில் ஏதோ கேட்டார். அவ்வளவுதான், என் வீட்டில் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருந்தவள் கையை ஆட்டி ஆட்டிக் கதைக்கிறாள், சிரிக்கிறாள். அந்தாள் பீச் பழத்தில் ஒரு துண்டு வெட்டிக் கத்தி நுனியில் நீட்டினார். வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். யாரோ ஒரு வழிப்போக்கன் தந்தது ஆகும், கூடப்பிறந்தவள் வீட்டுத் தண்ணீர் ஆகாது. வீட்டுக்குப் பஸ் ஏறினோம். பெறாமகள் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து, அம்மாவுக்குச் சரியான பிடிவாதம் பெரியம்மா என்றாள். அவளுக்கு விஷயம் என்ன தெரியும் என்று நான் கேட்கவில்லை, கேட்கத் தைரியமும் இல்லை.

பத்தாம் நாள் சனிக்கிழமை. மறுநாள் தங்கைக்கு விமானம். காலையில் இவர் காரில் எல்லாருமாகப் போய்ப் பிள்ளையைக் கல்லூரியில் கொண்டுபோய் விட்டோம். மொன்றியல் தீவின் அந்தக் கடைசி நுனிக்கு ஒரு மணித்தியால ஓட்டம். கட்டில் விரித்து, அலமாரி துடைத்து, சுவரில் பாட நேரப் பட்டியல் ஒட்டி எல்லாம் முடிந்தது. புறப்படும்போது பிள்ளை அழவில்லை. தாய்தான் காரில் ஏறிய பிறகு முந்தானை போல் சால்வையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் இருந்தேன். கையைப் பிடிக்கலாமா என்று யோசித்து யோசித்தே வீடு வந்துவிட்டது.

இவர் எங்களை இறக்கிவிட்டு வேலைக்குப் போனார். மணி மூன்று. தங்கை சப்பாத்தைக் கழற்றாமல் சமையலறைக் கதிரையில் இருந்தாள். அவளுடைய பாஸ்தா அரைப் பக்கெட் மிச்சம் இருந்தது, அதை எடுக்கவும் எழும்பவில்லை. எனக்கோ காலையிலிருந்து பசி. முந்தின நாள் இவருக்கென்று வைத்த சோறும் மீன் குழம்பும் இருந்தன. சூடாக்கி ஒரு தட்டில் போட்டுக்கொண்டு அவளுக்கு எதிரே இருந்தேன். சாப்பிடுகிறாயா என்று மரியாதைக்கும் கேட்கவில்லை.

"களைச்சுப் போனன்," என்றாள். சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள். "ஒருத்தரும் என்னட்ட ஒண்டும் கேக்காம, அப்பிடியே விழுந்து படுத்தாப் போதும்போல கிடக்கு."

நான் யோசித்துச் சொன்னதல்ல. பத்து நாள் யோசித்த வசனங்கள் ஒன்றும் வரவில்லை. "எனக்கும் அண்டைக்கு அப்பிடித்தான் கிடந்தது," என்றேன். "மண்டபத்தில திங்கக்கிழமை இருந்தது. நான்தான் வேண்டாம் எண்டனான். அம்மாவை எரிக்கும் வரைக்கும் எனக்கு நித்திரை வராது. எனக்கு நித்திரை வேணும். அவ்வளவுதான்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். வந்த பத்து நாளில் அப்போதுதான் நேராகப் பார்த்தாள். எழும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். மேலே அறையில் பெட்டி கட்டி முடிந்திருந்தது, ஒரு டாக்சி கூப்பிட்டால் போதும்.

"களைச்சுப் போனன் எண்டு சொல்லியிருக்கலாம்தானே," என்றாள். "மண்டபத்தை ஏன் சொன்னனீ?"

"வெக்கம்," என்றேன். "தாயைப் பாத்துக் களைச்சுப் போனன் எண்டு ஆருக்குச் சொல்லுறது?"

பிறகு பேச்சு வாங்கினேன். பதினொரு வருஷத்துப் பேச்சும் ஒரேயடியாக. விமானத்தில் வழி முழுக்க அம்மாவின் முகத்தைப் பார்க்கப்போகிறேன் என்று நினைத்து வந்ததையும், செத்த வீட்டுக்கு வந்தவர்களின் சப்பாத்து ஒன்றும் இல்லாமல் வாசல் வெறுமையாகக் கிடந்ததைப் பார்த்தே எல்லாம் முடிந்துவிட்டதென்று விளங்கிக்கொண்டதையும், உள்ளே நான் குறட்டை விட்டுப் படுத்திருந்ததையும் சொல்லிச் சொல்லிப் பேசினாள். எல்லாம் உண்மை. கேட்டுக்கொண்டிருந்தேன். குழம்பு ஆறிப்போனது.

பேசி ஓய்ந்து மூக்கைத் துடைத்துவிட்டுக் கேட்டாள்: "அம்மா கடைசியாய் என்ன சாப்பிட்டவ? எனக்கு ஒண்டும் தெரியாது அக்கா. எப்பிடிக் கிடந்தவ, என்ன கதைச்சவ, ஒண்டும் தெரியாது."

ஒரு பொய்யைக் காப்பாற்றுவதற்காக இவளிடம் ஒன்றையுமே சொல்லாமல் இருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு நாளை மட்டுமா பறித்தேன்? பதினான்கு மாதத்தையும் அல்லவா நானே வைத்துக்கொண்டேன். சொல்லத் தொடங்கினேன். புதன்கிழமை மத்தியானம் இரண்டு கரண்டி ரவைக் கஞ்சி. அதற்கு முதல் கிழமை உருளைக்கிழங்குப் பொரியல்தான் வேண்டும் என்று அம்மா அடம்பிடித்ததையும், நான் வேலைக்குப் போன நேரம் இவர் களவாக வாங்கி வினாகிரி தெளித்துக் கொடுத்ததையும், நான் வந்து மணத்தில் கண்டுபிடித்துக் கேட்டபோது மாமியாரும் மருமகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து முழித்ததையும் சொன்னேன். தங்கை அழுதுகொண்டே சிரித்தாள். சிரித்தபடி கையை நீட்டி என் தட்டிலிருந்து சோற்றைக் குழம்போடு பிசைந்து ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தாள்.

அவள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். தட்டிலிருந்து என் கையை மெதுவாக எடுத்துக்கொண்டேன். கதையை நிறுத்தினால் அவளுக்குத் தன் கை என் தட்டில் இருப்பது தெரிந்துவிடும் என்று பயந்தேன். உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருந்தது, பசி வேறு. அவள் அடுத்த கவளத்தைப் பிசைந்துகொண்டே, பிறகு என்ன நடந்தது என்று கேட்டாள். நான் அம்மா படுக்கையில் விழுந்த முதல் நாளிலிருந்து, ஒன்றும் விடாமல், திரும்பவும் தொடங்கினேன்.