முந்திப் போட்ட மாலை

மகன் வளைகுடாவில் ஏசி மெக்கானிக். அங்கே சண்டை மூண்டு, விமானமெல்லாம் நின்றுபோன மூன்றாம் நாள் என் மனைவி அய்யனாரிடம் வேண்டிக்கொண்டாள். பையன் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தால், கோயில் வாசலில் நிற்கும் பெரிய குதிரைச் சிலைக்குக் காகித மாலை போடுகிறேன் என்று. கீரமங்கலம் பக்கத்தில் மல்லிகையும் சம்பங்கியும் போட்டிருக்கிற நாங்கள் அந்தக் குதிரைக்கு மட்டும் காகிதத்தில்தான் மாலை போடுவோம். கழுத்திலிருந்து கால் வரை தொங்கவேண்டிய மாலைக்கு எங்கள் தோட்டத்துப் பூ காணாது.

எனக்குப் பொறுமை கிடையாது. மோட்டார் உடனே தண்ணீர் எடுக்காவிட்டால் அதை உதைக்கிற ஆள் நான். இப்போது யாரை உதைப்பது? உதவிக்கு என்று தூதரகம் கொடுத்த எண்ணில் பாட்டுத்தான் ஓடியது. மகன் அனுப்பிய வீடியோவில் வானத்தை ஏதோ ஒன்று கிழித்துக்கொண்டு போனது. "ஒன்னும் இல்லப்பா, தூரத்துலதான்" என்று பின்னால் அவன் குரல். தூரத்தில் போவது எப்படி அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

குதிரைக்கு மாலை ஏறும் மாசி மகம் வந்தது. ஊரே வேனிலும் டிராக்டரிலும் மாலையை ஏற்றிக்கொண்டு போனது. எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. இதை விட்டால் இனி அடுத்த வருஷம்தான். முன்கூட்டியே செய்துவிட்டால் அய்யனாருக்கும் ஒரு கூச்சம் இருக்காதா, வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடுவாரா என்று தோன்றியது. மனைவியிடம் சொல்லாமல் ஒரு மாலையை வாங்கிக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன்.

குதிரைமேல் ஏறியவர்கள் மாலையை இழுத்துக் கட்டும்போதே எங்கள் தெரு டீக்கடைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி ஊருக்கு வந்துருச்சுங்களா? ரொம்ப சந்தோசங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் வேண்டிய காரியம் நடந்த பிறகுதான் மாலை. மாலை ஏறினால் ஆள் வந்துவிட்டான் என்று அர்த்தம். "இல்லைங்க, இன்னும் வரல" என்றேன். அவர் கையை மெல்ல விட்டார். கூட்டத்தைத் தாண்டுவதற்குள் இன்னும் நாலு பேர் கேட்டார்கள். கடைசி ஆளைப் பார்த்துச் சிரித்துவைத்தேன்.

சேதி எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. மனைவி கத்துவாள் என்று பார்த்தேன். கத்தினால் நானும் பதிலுக்குக் கத்தலாம். அவள் பூக்கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"அவன் வந்தப்பறம் போடுறேன்னு சொல்லியிருந்தேன். அது ஒன்னுதான் என் கையில இருந்துச்சு. அதையும் குடுத்துட்டு வந்துட்டீங்களே. இனி எதச் சொல்லி அவருகிட்ட கேக்குறது?"

வேறு ஏதாவது நேர்ந்துகொள்ளலாம், கிடா வெட்டலாம், மொட்டை போடலாம் என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். என் பயம் தாங்காமல் அவளுடைய வேண்டுதலை நான் எடுத்துச் செலவழித்துவிட்டேன். வெட்கமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் சம்பங்கிக் கொல்லையில் இருவரும் களை எடுத்துக்கொண்டிருந்தபோது மகன் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டேன். எல்லோரையும் கட்டடத்துக்கு அடியில், கார் நிறுத்துகிற இடத்தில் உட்காரவைத்திருக்கிறார்களாம். "மாலை போட்ட வீடியோவ ஊர் குரூப்புல பாத்தேம்ப்பா. நீ ஊருக்குப் போயிட்ட போலருக்கேன்னு கூட இருக்கவங்க கிண்டல் பண்றாங்க" என்று சிரித்தான். நடுவில் சைரன் கேட்டது. சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்பா, வச்சிராதீங்க. பேச வேணாம். சும்மா லைன்ல இருங்க."

மனைவி ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்து கண்ணை மூடினாள். "அய்யனாரே, அய்யனாரே" என்றாள். அவன் வந்தால் இதைச் செய்கிறேன் என்று எதுவும் சொல்லவில்லை. பேர் மட்டும்தான். போனில் யார் யாரோ ஓடுகிற சத்தம். சத்தமாகக் கும்பிட்டால் அவன் பயந்துவிடுவானே என்று அவள் தோளைத் தொட்டேன். அவள் குரல் தணிந்தது.

"அம்மாவ நிறுத்தச் சொல்லாதீங்கப்பா" என்றான் மகன். "இங்கிட்டு எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்கோம்."

இதை எழுதுகிற இன்றைக்கும் அவன் அங்கேதான் இருக்கிறான். அன்று கொல்லையில் நானும் அவளோடு உட்கார்ந்தேன். அய்யனாரிடம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. போனை அவள் வாயருகே பிடித்துக்கொண்டேன்.