பிறை விழுந்த ரூபாய்

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்கு எதிரே, சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டி இருந்தது சாலம்மாளின் டீக்கடை. வடக்கனந்தலில் பிறந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பாலில் எவ்வளவு தண்ணீர் என்று மோந்தே சொல்லிவிடுவாள். ஆளை எடைபோடுவதும் அப்படித்தான்.

அதனால்தான், காசு சேர்க்கிற சேலத்துக்காரர் ஒருவர் அவள் தட்டில் கிடந்த ஒரு ரூபாய் நாணயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு அஞ்சு ரூபா தர்றேன்" என்றபோது அவள் கொடுக்கவில்லை. அந்தக் காசில் அச்சு தள்ளி விழுந்திருந்தது. சிங்கங்களில் பாதியைக் காணோம். ஓரத்தில் ஒன்றும் பதியாத உலோகம், பிறை மாதிரி. அவள் "இல்லீங்க" என்று சொல்லச் சொல்ல விலை ஏறியது. பஸ் ஹாரன் அடித்தபோது எழுநூற்றில் நின்றது. பத்து நாளில் பணத்தோடு வருவதாகச் சொல்லிவிட்டு அவர் படியில் தொற்றிக்கொண்டார்.

எழுநூறு இருந்தால் பின்சுவரை எழுப்பி, மேலே ஓடு போட்டுவிடலாம். போன ஐப்பசி மழையில் அந்தச் சுவர் தூளிக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. தூளியில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். அடுத்த ஐப்பசிக்கு இன்னும் ஒரு மாதம்தான்.

திருடன் பெட்டியைத்தான் கிளறுவான், சில்லறையைக் கிளறமாட்டான் என்று யோசித்து, காசைக் கடையின் சில்லறை டப்பாவிலேயே அடியில் போட்டுவைத்தாள்.

எண்பத்தேழாம் வருஷம், புரட்டாசி முதல் நாள். இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது.

"சேலம் ரோட்டுல மரத்த வெட்டிப் போட்டுட்டாங்க! போலீசு வந்துக்கினு இருக்குது, கடைய மூடு!"

ஆட்கள் ஓடினார்கள். யாரோ இடித்ததில் டப்பா கவிழ்ந்தது. டீ குடித்த நைனார்பாளையத்துச் சுப்புராயன், கல்வராயன் மலைக்குத் தேன் வாங்கப் போகிறவர், இரண்டு ரூபாய் நோட்டை நீட்டினார். கைக்கு அகப்பட்ட ரூபாயை மீதியாகக் கொடுத்துவிட்டுத் தட்டியை இறக்கினாள்.

வீட்டில் டப்பாவை மூன்று முறை கொட்டிப் பார்த்தாள். பிறை இல்லை.

"நடந்தே மலை ஏறியிருப்பாரு," என்றான் புருஷன் மாயவன். "உன் காசு வெள்ளிமலையில பொரிகடலை வாங்கித் தின்னுக்கினு இருக்கும்."

அவள் சில்லறையை டப்பாவில் அள்ளிப் போட்டாள். மலை நடக்கிற தூரமில்லை; பஸ் இல்லாவிட்டால் சுப்புராயன் இந்த ஊரில்தான் எங்கோ தங்கியிருக்க வேண்டும். காசும் ஊர் எல்லையைத் தாண்டியிருக்காது. தேடிப் போய்க் கேட்டால் அதற்கு விலை இருப்பது தெரிந்துவிடும்; கை மாறி அதுவாகவே கடைக்கு வரட்டும் என்று காத்திருந்தாள். வழி எப்போது திறக்கும் என்று ஊரே கேட்டது. அவள் மட்டும் இன்னும் ரெண்டு நாள், இன்னும் ரெண்டு நாள் என்று வேண்டிக்கொண்டாள். நான்காம் நாள், பிரசவ வலியெடுத்த ஒருத்தியை மாட்டு வண்டியில் கொண்டுபோனார்கள். சாலம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வண்டி தெருமுனை தாண்டியதும் மறுபடி வேண்டிக்கொண்டாள்.

எட்டாம் நாள் காலை மலைக்குப் போகும் பஸ் வந்து நின்றது. பையும் கையுமாகச் சுப்புராயன் கடைக்கு வந்தார்.

"இன்னாம்மா சாலம்மா, செல்லாத காச என் தலையில கட்டிட்டியே! ஒரு வாரமா நீட்டிப் பாக்கறேன், பீடிக்கடையில கூட ஒருத்தனும் தொடமாட்டேங்கிறான். மாத்திக் குடு."

அவள் கை தானாக நீண்டது. இழுத்துக்கொண்டாள். செல்லாத காசை மறுபேச்சில்லாமல் திருப்பி வாங்கும் கடைக்காரி எந்த ஊரிலும் இல்லை. சுப்புராயனும் வியாபாரிதான். உடனே மோப்பம் பிடித்துவிடுவார்.

"நான் குடுத்ததுன்னு இன்னா சாட்சி? போணி ஆவறதுக்கு முன்னாலயே வம்பா?"

"அப்படியா? வேணாம் தாயே. மாரியாத்தா உண்டியல்ல போட்டுட்டுப் போறேன். அவ சாட்சி கேக்கமாட்டா."

காசு அவர் சட்டைப் பைக்குள் போயிற்று. டிரைவர் ஹாரனை அழுத்தினார். சுப்புராயன் திரும்பி இரண்டடி நடந்துவிட்டார்.

"நில்லுங்க!" பால் பொங்கி அடுப்பில் வழிந்ததை அவள் பார்க்கவில்லை. "சாமிக்குப் போயி செல்லாக்காசு போடுவாங்களா? அந்தப் பாவம் என் தலையில இல்ல வுழும்? குடுங்க இப்படி."

"மொதல்ல நல்ல ரூபாய வை."

வைத்தாள். அவர் அதைப் பலகையில் தட்டி ஓசை பார்த்தார். பிறகு பிறைக் காசை வீசினார். அது உருண்டு பலகையின் விளிம்புக்குப் போனது. ஈரக் கிளாஸால் அமுக்கினாள்.

"ஒரு ரூபாய்க்கு இவ்ளோ சண்ட," என்று சொல்லிக்கொண்டே அவர் பஸ்ஸுக்கு ஓடினார்.

சேலம் ரோட்டில் இன்னும் மரங்களை ஓரமாக இழுத்துப் போட்டு வழி திறந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பக்கத்து பஸ் எப்போது வரும், அந்த ஆள் வருவாரா, யாருக்குத் தெரியும். சாலம்மாள் காசைக் கழுவிக் கடைவாயில் அடக்கிக்கொண்டாள். சர்க்கரை கம்மி என்றவர்களுக்கும், ஏன் பேசமாட்டேங்கிற என்றவர்களுக்கும் அன்று முழுக்கத் தலையை மட்டும் ஆட்டினாள்.