டேங்குக்குள் போன சிவப்பு ஒயர்

எர்லிண்டா ஆர்ச்சுலெட்டாவின் கைகள் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரிலிருப்பவரின் மேசையில் கிடக்கும் டார்ச்சைக் கழற்றிப் பார்ப்பாள். பள்ளிப் பேருந்துப் பணிமனையில் இருபத்திரண்டு வருடமாக மின்வேலை. "ராத்திரி தூக்கத்துலகூட எதையாவது திருகுறா" என்று சொல்லிக்கொண்டிருந்த அவள் கணவன், ஒருநாள் டென்வருக்கு வேலை தேடிப் போனான், திரும்பவில்லை. அதற்காக அவள் அழுதாளா என்று எஸ்பன்யோலா ஊரில் யாருக்கும் தெரியாது. அந்த வாரமே வீட்டை ஒட்டிய கொட்டகையில் விளக்குப் போட்டு, ஊராரின் பழைய கார்களுக்கு ஒயர் இழுக்க ஆரம்பித்தாள் என்பது மட்டும் தெரியும்.

அந்த ஊரில் பழைய கார்களுக்குப் பஞ்சமில்லை. அறுபதுகளின் இம்பாலா கார்களை வாங்கி, தரையைத் தடவுகிற அளவுக்குத் தாழ்த்தி, பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோலத் துடைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆள் நடக்கிற வேகத்தில் ஓட்டிப்போவார்கள். உயரமான மலைநாடு, கோடை வெயிலில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியாகிவிடும். இன்ஜினில் இருக்கும் பழைய பம்ப் ஆவியை இழுக்கத் தெரியாமல் திணற, கார் நடுரோட்டில் நின்றுவிடும். அதற்கு எர்லிண்டாவிடம் மருந்து இருந்தது. டேங்குக்குள்ளேயே, பெட்ரோலில் முங்கியபடி, ஒரு மின்பம்ப்பை வைத்துப் பெட்ரோலை முன்னால் தள்ளவிடுவாள்.

"பெட்ரோலுக்குள்ள கரண்டா?" என்று கேட்பவர்களுக்கு அவள் பொறுமையாகச் சொல்லுவாள். டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்றில்லை, ஒரு பொறி விழுந்தாலும் பெரும்பாலும் பற்றாது. டேங்க் வற்றி, ஒயர் வெளியே தலைகாட்டி, ஆவியோடு காற்று கலக்கிற நேரம்தான் பயப்பட வேண்டியது. ஆகவே பொறியே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பாட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், மோதினால் தானே பம்ப்பை நிறுத்தும் சுவிட்ச், டேங்கின் மூடியில் கசியாத இணைப்பு, உள்ளே பெட்ரோல் தின்னாத தனி ஒயர். இதில் எதையும் விட்டுக்கொடுக்க மாட்டாள் என்று ஊரில் பேர்.

ஒருமுறை விட்டுக்கொடுத்திருந்தாள். ஆறு வருடத்துக்கு முன்னால், ஈஸ்டருக்கு முந்தின வாரம். பெரிய வெள்ளிக்கு ஓட்ட வேண்டுமென்று இரண்டு கார்கள் கொட்டகையில் நின்றன. தனி ஒயர் வந்து சேரவில்லை. அலமாரியில் ஒரு சுருள் சிவப்பு ஒயர் இருந்தது, பானெட்டுக்குள் போடுகிற சாதாரண ஒயர். இப்போதைக்கு இருக்கட்டும், ஈஸ்டர் முடிந்ததும் மாற்றிவிடலாம் என்று இரண்டு டேங்குகளுக்குள்ளும் அதையே போட்டாள். ஈஸ்டர் முடிந்தது. சரியான ஒயரும் வந்தது. கார்கள் நன்றாக ஓடிக்கொண்டிருந்தன. ஓடுகிற காரை நிறுத்தி, டேங்கை வடித்துத் திறக்க என்ன காரணம் சொல்வது? அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று அது அப்படியே போய்விட்டது. அந்தக் கார்களை ரோட்டில் பார்க்கும்போது மட்டும் அந்த ஒயர் ஞாபகம் வரும்.

இந்த ஜூனில், ஒரு சனிக்கிழமை காலை, அதில் ஒன்று கொட்டகைக்கு வந்தது. ஊரார் மரியாதையாகத் தோன்யா என்று கூப்பிடும் கோர்தேலியா மாயெஸ்தாஸின் கார். பள்ளிச் சமையலறையில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவள். கணவன் விட்டுப்போன அந்த நீல இம்பாலாவில்தான் ஞாயிறுதோறும் பாடகர் குழுவின் மூன்று பெண்களைத் தேவாலயத்துக்குக் கூட்டிப்போவாள்.

"வண்டி விட்டு விட்டு இருமுது, மீஹா. சாயங்காலம் வரேன், பாத்து வை" என்று மகளிடம் பேசுகிற குரலில் சொல்லி, சாவியைக் கொடுத்துவிட்டுத் தங்கை மகனின் வண்டியில் போய்விட்டாள்.

எர்லிண்டா காரை வெளியே, காற்றோட்டமான இடத்துக்குத் தள்ளினாள். பாட்டரியைக் கழற்றினாள். டேங்கை வடித்து, மூடியைத் திருகி, பம்ப்பை மெல்லத் தூக்கினாள்.

சிவப்பு ஒயர் வேகவைத்த சேமியா மாதிரி ஊதிக் கிடந்தது. விரல் பட்டதும் மேல்தோல் வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது. உள்ளே செம்பு பளபளத்தது. பம்ப்புக்குக் கரண்ட் போகிற, திரும்புகிற இரண்டு ஒயர்களுக்கும் நடுவே ஒரு விரல்கூட இடைவெளியில்லை. ஒன்று மற்றொன்றைத் தொட்ட இடத்தில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி.

அவள் அந்தப் புள்ளியைத் துணியால் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை.

அடுத்த நினைப்பு எலோய்தான். இரண்டாவது கார் அவனுடையது. எலோய் விஹில் அவளுடைய பெரியம்மா மகன், மூன்று வயது இளையவன். டேங்கில் அரைக்கு மேல் ஊற்றவே மாட்டான்; முள் அடிமட்டத்தைத் தொட்ட பிறகுதான் பங்க்கைத் தேடுவான். ஃபோன் செய்தாள். எடுக்கவில்லை. மறுபடியும் செய்தாள். அவன் மனைவிக்குச் செய்தாள்.

"ஓஹோ காலியெந்தே ஊருக்குப் போயிருக்காரு, எங்க அண்ணன் வீட்டு விருந்து. எனக்குத் தலைவலி, நான் போகல. ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. அவன் கூப்பிட்டா வண்டியை எடுக்க வேண்டாம்னு சொல்லு."

கையில் பெட்ரோல் நாற்றத்தோடு பிக்கப்பில் ஏறினாள். முப்பது நிமிஷப் பாதை. எதிரே புகை தெரிந்தபோதெல்லாம் வண்டியை இன்னும் விரட்டினாள். ஒன்று யாரோ களை எரிக்கிற புகை. இன்னொன்று வெறும் தூசி. மூன்று தடவை ஃபோனை எடுத்தாள், மூன்று தடவையும் பதில் குரல் பதிவுதான்.

விருந்து நடந்த வீட்டு வாசலில் மரநிழலில் அந்த மெரூன் இம்பாலா நின்றது. எலோய் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகப் போகிற நேரம். எர்லிண்டா ஜன்னல் வழியே கையை விட்டுச் சாவியைப் பிடுங்கினாள்.

"ப்ரீமா, திருட்டை இப்பதான் ஆரம்பிச்சிருக்கியா?" என்றான் அவன்; அக்காமுறைக்காரியை அப்படித்தான் கூப்பிடுவான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"இறங்கு. டேங்க்ல எவ்வளவு இருக்கு?"

"ஒண்ணுமில்ல. அதான் பங்க்குக்குப் போறேன். சாப்பிட்டியா நீ? மூஞ்சியைப் பாத்தா பேயைப் பாத்தவ மாதிரி இருக்க."

"இறங்குன்னு சொன்னேன். டேங்கைத் திறக்கணும்."

"இங்கயா? கறி வெந்துட்டு இருக்கு, அடுப்பு எரியுது. உனக்கு வெயில் தலைக்கேறிடுச்சு."

"அப்ப தள்ளிட்டுப் போவோம். நீ ஒரு பக்கம் பிடி, நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன்."

அவள் நிஜமாகவே காரின் பின்னால் போய்க் கையை வைத்தாள். எலோயின் முகத்திலிருந்த சிரிப்பு மெதுவாக இறங்கியது. இறங்கி வந்து அவள் முழங்கையைப் பிடித்து வேலிப் பக்கம் கூட்டிப்போனான்.

"அந்தச் சிவப்பு ஒயரா?" என்றான் தாழ்ந்த குரலில்.

அவள் தலையாட்டினாள்.

"அது உள்ள இல்ல, ப்ரீமா. ரெண்டு வருஷம் முன்னாடி பம்ப் சத்தம் போட்டுது. நீ அப்ப கை ஒடஞ்சு கட்டுப் போட்டிருந்த. மெக்கானிக் டிராங்கிலினோகிட்ட கொடுத்தேன். திறந்ததும் அவன் என்னைக் கூப்பிட்டுக் காமிச்சான். மாத்திட்டான், நல்ல ஒயர்தான் போட்டிருக்கான்."

எர்லிண்டா வேலிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். பாதி வழியில் செத்துப்போயிருப்பான் என்று நினைத்த ஆள் எதிரே நின்று பேசுகிறான். அவன் கழுத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அடுத்த நிமிஷமே அறையவும் தோன்றியது.

"ரெண்டு வருஷம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல நீ."

"சொன்னா நீ ஒடைஞ்சிருப்ப. ஊரெல்லாம் உன் ஒயரைப் பத்திப் பெருமை பேசுது. நான் எதுக்கு அதைக் கெடுக்கணும்? டிராங்கிலினோ வாயையும் மூடி வெச்சேன்."

"அதே ஒயர் கோர்தேலியா வண்டியில இருந்துச்சு. இன்னிக்குக் காலைல வரைக்கும். ஒட்டி, பொறி விட்டிருக்கு. அந்த வண்டியில நாலு பொம்பளைங்க போயிட்டு வராங்க, எலோய்."

அவன் முகம் வெளுத்தது. "எனக்குத் தெரியாதே. என் வண்டியில மட்டும்தான்னு நெனச்சேன்."

"உனக்குத் தெரியாது" என்றாள் அவள். "எனக்குத் தெரியும்."

சாவியை அவன் கையில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி யாரோ கூப்பிட்டது காதில் விழவில்லை.

கோர்தேலியா தன் வீட்டு மேசையில் அவரையைக் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எர்லிண்டா வாசலிலேயே நின்று சொன்னாள்.

"தோன்யா, உங்க டேங்குக்குள்ள போடக்கூடாத ஒயரைப் போட்டேன். தெரியாம இல்ல. தெரிஞ்சேதான் போட்டேன். மாத்தறேன் மாத்தறேன்னு ஆறு வருஷம் விட்டுட்டேன். எலோய் வண்டியிலயும் அதேதான்; அவன் ரெண்டு வருஷம் முன்னாடி பாத்து மாத்திட்டு, என்கிட்ட சொல்லல."

கோர்தேலியா பொறுக்கியெடுத்த கல்லைத் தட்டில் வைத்தாள்.

"போன வாரம் எங்க பாட்டுக் குழு எஸ்கிபுலா தன் பேத்தியையும் கூட்டிட்டு வந்தா" என்றாள். "பின்சீட்ல."

"தெரியும். பாத்தேன்."

"பாத்தியா? பாத்துட்டுக் கையசைச்சியே."

எர்லிண்டா பிக்கப்பில் ஏறிக் கொட்டகைக்குத் திரும்பினாள்.

அன்று சாயங்காலம் கோர்தேலியா ஒரு மடக்கு நாற்காலியோடு கொட்டகைக்கு வந்தாள். இது என்ன, அது எதுக்கு, இதைப் பெட்ரோல் தின்னாதுன்னு உனக்கு யார் சொன்னது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எர்லிண்டா புது ஒயரில் ஒரு துண்டை வெட்டி அவள் கையில் கொடுத்தாள். முனைகளை அழுத்திப் பூட்டி, இழுத்துக் காட்டினாள். கரண்ட் ஒயர் தனியாக, எர்த் ஒயர் தனியாக ஓடுவதைத் தொட்டுக் காட்டினாள். பேசியபடியே வேலை செய்வது அவள் வழக்கம்தான், ஆனால் அன்றைக்குக் கேட்டதற்கு மட்டுமே பதில் சொன்னாள். மூடியைத் திருகி, பெட்ரோலை ஊற்றி, கசிவு பார்த்து முடித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது.

"பின்னால ஏறு" என்றாள் கோர்தேலியா.

எர்லிண்டா பின்சீட்டில் ஏறினாள். முதுகுக்குப் பின்னால் டேங்க். கோர்தேலியா பக்கத்து ஊர் சிமாயோ வரைக்கும் ஓட்டிப்போனாள். ஒவ்வொரு பள்ளத்திலும் பம்ப்பின் மெல்லிய முனகலை எர்லிண்டா எண்ணிக்கொண்டே வந்தாள். திரும்பி வந்து இறங்கும்போது கோர்தேலியா சொன்னாள்:

"வண்டி நல்லா ஓடுது. உன்னை மன்னிச்சேனான்னு இன்னும் எனக்கே தெரியல. எலோய்கிட்டயும் நாளைக்குப் பேசணும், அவனுக்கும் கொஞ்சம் திட்டு வெச்சிருக்கேன்."

மறுநாள் பாடகர் குழுவிலிருந்து இரண்டு பேர்தான் அந்தக் காரில் ஏறினார்கள். எஸ்கிபுலா மருமகனின் வண்டியில் போனாள். அடுத்த மாதமும் அப்படியே. எர்லிண்டா அந்தக் கோடை முழுவதும் தான் பம்ப் வைத்த கார்களை ஒவ்வொன்றாக வரவழைத்துத் திறந்து பார்த்தாள். எல்லாவற்றிலும் நல்ல ஒயரே இருந்தது. அவளுக்கு அது தெரிந்தே இருந்தது. ஆனாலும் திறந்தாள்.