நாய்க்குச் சோறு போட்டவள்

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் யாருக்கு முறைப்பாடு எழுத வேண்டுமானாலும் என் வாசலுக்குத்தான் வருவார்கள். தோட்டத்து முன்பள்ளியில் ஆசிரியை நான். தமிழும் சிங்களமும் தடையில்லாமல் எழுதுவேன். யாருக்கும் பயந்து எழுதமாட்டேன். அந்தப் பெருமை எனக்கு உண்டு, மறைப்பதற்கில்லை.

எழுதியதிலேயே எனக்குப் பிடித்தது பக்கத்து வீட்டு அக்காவுக்கு எழுதியது. பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும் வழியில் தோட்டத்து உத்தியோகத்தர் ஒருவர் வீட்டு நாய் அக்காவைக் கடித்துவிட்டது. அவரோ, "அது என் நாய் இல்லை, சும்மா வந்து போகும்" என்று கையை விரித்தார். தினமும் அவர் குசினி வாசலில் தின்னும் நாய்! வந்த கோபத்தில் கடைசி வரியை இப்படி எழுதினேன்: 'சோறு போட்டு வளர்ப்பவர்தான் அந்த நாய்க்குப் பொறுப்பு.' கொஞ்சம் இழுத்தடித்துவிட்டு மனிதர் ஏற்றுக்கொண்டார். அந்த வரியை லயமே சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

போன தீபாவளிக்கு அக்காவின் மகளும் மருமகனும் கொழும்பிலிருந்து வந்திருந்தார்கள். தலைத் தீபாவளி. மருமகனே பலகாரத் தட்டைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வந்தார். அந்த நேரம் பார்த்துக் கீழ் லயத்தில் சரவெடி வெடித்தது. படிக்கட்டோரம் நடுங்கிக் கிடந்த என் கறுப்பு நாய் பாய்ந்து அவர் கெண்டைக்காலைக் கவ்வியது. வெடிச் சத்தம் கேட்டால் அது நிலைகொள்ளாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். சங்கிலி கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. வடை சுடும் மும்முரத்தில் கட்டாமல் விட்டது நான்தான்.

காயத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். யாருடைய நாய் என்று தாதி சிங்களத்தில் கேட்டார். மருமகனுக்குத் தெரியாது, அவர் வந்தே இரண்டு நாள். அக்கா என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்.

"லயத்துல சும்மா திரியிற நாய்னு சொல்லிருங்க டீச்சர். உங்களுக்கு ஏன் வம்பு?"

அப்படிச் சொன்னால், விசர் நாயாக இருக்குமோ என்று ஊசிக்கு மேல் ஊசி அவர் மருமகனுக்குத்தான். அது தெரியாமல் என்னைக் காப்பாற்றப் பார்க்கிறார். தெரிந்த நானும் ஒரு நொடி வாயைத் திறக்காமல் நின்றேன். அந்த நொடியை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

"என் நாய்" என்றேன். "வருஷா வருஷம் தடுப்பூசி போட்ட அட்டை வீட்டில் இருக்கிறது. கட்டாமல் விட்டது என் தப்பு."

அட்டையை எடுத்துவரச் செய்து பார்த்த டொக்டர், நாயைக் கட்டிப்போட்டுப் பதினான்கு நாள் கவனிக்கச் சொன்னார். பதினான்கு நாளும் அது சோறு தின்று வாலாட்டியது. மருமகனுக்கும் காயம் ஆறியது. அவருடைய போக்குவரத்துச் செலவும் வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளமும் என் பொறுப்பு என்று நானே சொல்லிவிட்டேன்.

ஆனால் தீபாவளியன்று மாலை இதெல்லாம் தெரியாதல்லவா? அக்கா தயங்கித் தயங்கி என் வாசலில் வந்து நின்றார்.

"மருமகன் பொலிசுல ஒரு என்ட்ரி போடணும்ங்கிறாரு டீச்சர். நாளைக்கு ஏதாச்சும் ஆனா யாரு பதில் சொல்றதுன்னு கேக்குறாரு."

"சரியாத்தானே கேக்குறாரு."

"எழுதிக் கொண்டுபோனா நல்லதாம். அவருக்குச் சிங்களம் பேசத்தான் வரும். லயத்துல உங்களை விட்டா வேற யாரு இருக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்மேல் முறைப்பாடு எழுதவும் என்னிடம்தான் வரவேண்டியிருக்கிறது. உட்காரச் சொல்லிவிட்டுத் தாளை எடுத்தேன்.

"உங்க பேரைப் போடாம எழுத முடியாதா டீச்சர்?"

"முடியாது அக்கா."

வழக்கமாக என் பெயர் தாளின் அடியில், எழுதிக்கொடுத்தவர் என்று சின்னதாக இருக்கும். அன்று மேலேயும் எழுதினேன். வெடிக்குப் பயப்படும் நாய் என்று தெரிந்தும் கட்டவில்லை என்பதையும் விடாமல் எழுதினேன். முடித்ததும் முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்டினேன். கடைசி வரியைக் கேட்டதும் அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"இது அன்னிக்கு எனக்கு எழுதுன வரியில்ல?"

"அதேதான்" என்று தாளை மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டு, நாய்க்குச் சோறு வைக்க எழுந்தேன்.