கறுப்புக் காரும் மஞ்சள் மஃப்ளரும்

இங்கிலாந்தின் நார்ஃபோக்கில், பழைய போர் விமானத் திடலை ஒட்டிய மதுக்கடையில் இன்றும் ஒரு வதந்தி உலவுகிறது. ஹோல்வெல் கம்பெனியின் பந்தயக் காரை ஜெயிக்கவைத்தது இன்ஜின் அல்ல, நார்விச் கால்பந்து அணியின் ரசிகர்கள் கழுத்தில் சுற்றும் கம்பளி மஃப்ளராம். மெய்யா என்று ஐவி லார்ட்டரிடம்தான் கேட்க வேண்டும். அந்தக் காருக்கு இருக்கை தைத்த பெண்மணி. எண்பதைத் தாண்டியும், கேள்வி முடியுமுன் தேநீர் வைத்துவிடுவார்.

"பாதிப் பொய். முழு மஃப்ளர் இல்ல. பாதிதான்."

அது 1977. மற்ற கம்பெனிகள் காற்றைக் கிழித்துக்கொண்டு போகக் கார் செய்தன. ஹோல்வெல்காரர்கள் காற்றையே வேலைக்கு வைத்துக்கொள்ளப் பார்த்தார்கள். காரின் வயிற்றை, விமான இறக்கையைக் கவிழ்த்தாற்போல வளைத்தார்கள். அடியில் ஓடும் காற்று காரைத் தரையோடு இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. காற்றுக்குத் தகவல் போய்ச் சேரவில்லை. வளைவு வந்தால் கார் வழுக்கியது.

திங்கட்கிழமை பணம் போடுகிறவர்கள் பார்க்க வருகிறார்கள். அவர்கள் கைவிரித்தால் கார் செய்யும் கொட்டகைக்குப் பூட்டு. ஐவி பழையபடி வான்கோழி ஆலையில் இறகு பிடுங்கப் போக வேண்டியதுதான். அந்த நாற்றம் தலைமுடியை விட்டுப் போகவே ஒரு வருஷம் பிடித்திருந்தது.

ஞாயிறன்று கடைசி முயற்சி. கறுப்புக் காரெங்கும் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டி ஓடவிட்டு, பக்கத்தில் வேனில் போய்க்கொண்டே பார்ப்பது. நூல் சாயும் பக்கம்தான் காற்றின் வழி. வேன் திரும்பி வந்ததும் ஐவி, இன்ஜினியர் நெவிலைக் கேட்டார்.

"என்ன தம்பி தெரிஞ்சுது?"

"கார் தெரிஞ்சுது."

"நூலு?"

"காரோட அழகு கெடக் கூடாதுன்னாரு முதலாளி. அதான் கறுப்பு நூலா ஒட்டினேன்."

"காத்துக்கும் கறுப்பு பெயின்ட் அடிச்சிருக்கலாமே."

ஞாயிற்றுக்கிழமை, கடைகள் அடைப்பு. ஐவியின் பையில் பக்கத்து வீட்டு சிரில் கிழிசல் தைக்கக் கொடுத்த மஃப்ளர் கிடந்தது. மஞ்சளும் பச்சையும். ஒரு நிமிஷம் யோசித்தார். வான்கோழி நினைவுக்கு வந்தது. நுனியைப் பிடித்துப் பாதிவரை நூலாக உருவினார்.

இம்முறை வேனில் ஐவியும் ஏறிக்கொண்டார். மேலே ஒட்டிய மஞ்சள் நூல்கள் சமர்த்தாகப் பின்னால் படுத்திருந்தன. பக்கவாட்டின் கீழ் விளிம்பில் இருந்தவை மட்டும் மொத்தமாகக் காருக்கடியில் தலையை நுழைத்துக்கொண்டிருந்தன.

"அட, வெளிக்காத்து உள்ள புகுந்து கெடுக்குது," என்றார் நெவில்.

சாயங்காலத்துக்குள் இருபுறமும் தரையைத் தொடும்படி விறைப்பான பிளாஸ்டிக் பட்டைகள் ஏறின. திங்களன்று கார் வளைவில் அட்டைபோல் ஒட்டிக்கொண்டது; ஓட்டியவர் கழுத்து வலிக்கிறது என்று புகார் சொன்னார். பணம் வந்தது, கோப்பைகள் வந்தன. அப்புறம் எல்லோரும் காப்பியடித்தார்கள். அப்புறம் அந்தப் பட்டைகளுக்கே தடை வந்தது. இப்போது கொட்டகையில் பீட்ரூட் குவித்திருக்கிறார்கள். துணி காயப்போடும்போது எது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கும் பழக்கம் மட்டும் ஐவியை விடவில்லை.

சிரிலுக்குப் புது மஃப்ளர் வாங்கிக் கொடுத்துப் பார்த்தார். அவர் வாங்கவில்லை. கால்பந்து ஆட்டம் இருக்கும் சனிக்கிழமைகளில், முன்கழுத்தை மட்டும் மறைக்கும் அந்தப் பாதியோடு வேலியருகே நிற்பார்.

"ஐவி, மீதி எப்ப?"

"பின்னிக்கிட்டே இருக்கேன், சிரில்."

ஐவிக்குத் தைக்கத்தான் தெரியும். பின்னத் தெரியாது. சிரிலுக்கும் அது தெரியும்.