குறைத்து எழுதிய படிவம்

நான் வேலை செய்வது லண்டனில் ஒரு கவுன்சிலின், அதாவது நகரசபையின், பார்க்கிங் பெர்மிட் பிரிவில். அவ்வளவுதான். ஆனால் நான் குடியிருக்கும் செவன் கிங்ஸ் பகுதியில் எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்களுக்கு நான் 'கவுன்சில் தம்பி'. வரிக் கடிதம், பள்ளிக்கூட அனுமதி, குப்பைத்தொட்டி, எது வந்தாலும் என்னிடம்தான் வரும். எனக்குத் தெரியாது என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல வாய் வராது. எல்லாவற்றிலும் விண்ணன், கெட்டிக்காரன் என்று நாலு பேர் நம்பினால், அந்தப் பேரைக் காப்பாற்ற என்ன பொய்யும் சொல்லலாம் என்று நினைக்கிற ஆள் நான்.

பக்கத்துத் தெருவில் ஒரு அண்ணை இருந்தார். லண்டனுக்கு வெளியே, ஒரு மணித்தியாலம் வான் வண்டியில் ஓடினால் வருகிற கிராமம் ஒன்றில் அவருக்குக் கடை. அந்த ஊருக்கு அது ஒன்றுதான் கடை. கிழமையில் ஏழு நாளும் திறப்பார். பாண், பால், மரக்கறி, பேப்பர் எல்லாம் இருக்கும். வாடிக்கையாளர்கள் எல்லாரும் வயதானவர்கள், ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டு போனார்கள். அவருடைய நம்பிக்கையெல்லாம் கடைக்குப் பின்னால் கிடந்த வயலில்தான் இருந்தது. அங்கே வீடுகள் வரப்போகின்றன என்று நெடுங்காலமாக ஒரு கதை. "அந்த வீடுகள் வந்திட்டா கடை தப்பீடும் தம்பி" என்று கண்ட இடமெல்லாம் சொல்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் படிவம் ஒன்றோடு வந்தார். அந்தக் கிராமங்களை நிர்வகிக்கும் கவுன்சில் அனுப்பியது. கடை எத்தனை நாள் திறக்கும், என்னென்ன விற்கிறீர்கள், தொடர்ந்து நடத்துவீர்களா என்று கேட்டிருந்தார்கள். மேலே, காணிகளை என்னென்னவற்றுக்குப் பயன்படுத்துவது என்ற நீண்டகாலத் திட்டத்தைப் புதுப்பிக்கிறோம் என்று ஒரு பந்தி இருந்தது. அதை நான் வாசிக்கவில்லை. வாசித்தது மாதிரித் தலையை ஆட்டிவிட்டு நேரே கேள்விகளுக்குப் போய்விட்டேன்.

"உள்ளதை எழுதுவமே தம்பி?"

"என்னண்ணை விசர்க்கதை கதைக்கிறியள்! கவுன்சில் கேட்டா எப்பவும் குறைச்சுத்தான் சொல்லவேணும். கூட்டிச் சொன்னா கடை வரியைக் கூட்டிப் போடுவாங்கள்."

எங்கள் ஆட்களுக்கு இது இரத்தத்தில் ஊறின பழக்கம். ஊரில் ஆமிக்காரன் வந்து வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டபோதும் குறைத்தோம். இங்கே வந்த புதிதில் வீட்டுக்காரன் கேட்டபோதும் குறைத்தோம். அன்றும் குறைத்தேன். திறப்பது வாரத்தில் நான்கு நாள், காலையில் மட்டும். விற்பது பேப்பர், இனிப்பு, சோடா. தொடர்ந்து நடத்துவது பற்றி இன்னும் முடிவில்லை. அண்ணை கொஞ்சம் யோசித்தார், பிறகு கையொப்பம் வைத்தார்.

"நீ இல்லாட்டி நான் என்ன செய்வன்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

அடுத்த வருடம் அந்தக் காணித் திட்டத்தின் வரைவு வந்தது. கிராம மண்டபத்தில் ஒரு சனிக்கிழமை காலை கூட்டம். மொழிபெயர்க்க என்று என்னையும் அண்ணை வானில் ஏற்றிக்கொண்டு போனார். திட்டம் தயாரித்த அதிகாரி, ஓர் இளம்பெண், சுவரில் இருந்த வரைபடத்தைக் காட்டி விளக்கினார். அன்றாடச் சாமான் வாங்கக் கடை உள்ள கிராமங்களுக்குத்தான் புது வீடுகள். இங்கே அப்படியொரு கடை இல்லை. ஆகவே வயலில் கட்ட அனுமதி இல்லை, வீடுகள் பக்கத்து ஊருக்குப் போகின்றன என்றார்.

படிவத்தில் நான் வாசிக்காமல் விட்ட பந்தி அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

முன்வரிசையில் இருந்த வயதான வெள்ளைக்காரப் பெண் ஒருவர் எழுந்தார். "கடை இல்லையென்று யார் சொன்னது? தினமும் காலையில் இந்த மனிதரிடம்தான் நான் பாண் வாங்குகிறேன்!" என்று அண்ணையைக் காட்டிச் சத்தம் போட்டார். அதிகாரி கோப்பைப் புரட்டி அந்தப் படிவத்தை எடுத்தார். கடைக்காரரே கையொப்பமிட்டுத் தந்தது என்று உயர்த்திக் காட்டினார். அத்தனை தூரத்திலிருந்தும் என் எழுத்து எனக்குத் தெரிந்தது.

"இதை எழுதியது நீங்கள்தானா?" என்று அண்ணையிடம் கேட்டார்.

மண்டபமே அவரைத் திரும்பிப் பார்த்தது. அந்த இடத்தில் நான் எழும்பியிருக்க வேண்டும். எழும்பவில்லை. குனிந்து என் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யெஸ். ஐ ரைட். மை மிஸ்டேக்" என்றார் அண்ணை.

பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். அவருக்காகக் கத்திய அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டார். அதிகாரி மரியாதையாகத்தான் பதில் சொன்னார். ஆட்சேபம் எழுதலாம், ஆனால் வீடுகளுக்கான இடங்களைத் தெரிவுசெய்து முடித்துவிட்டோம், அடுத்த திருத்தத்துக்கு ஐந்து வருடமாவது ஆகும் என்றார். அதை அண்ணைக்குத் தமிழில் சொல்லும் வேலையும் எனக்குத்தான்.

"அஞ்சு வருசம் கடை தாங்காது தம்பி" என்று மெல்லச் சொன்னார்.

திரும்பி வரும்போது வானில் நான்தான் கேட்டேன்.

"ஏனண்ணை அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"நீ கவுன்சில் வேலைக்காரன். பொய்யா எழுதினது நீயெண்டு தெரிஞ்சா உன்ர வேலையில கை வைச்சிடுவாங்கள். எனக்கென்ன, கடைக்காரன்தானே."

சீ! அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. வேலை தப்பியது என்ற நிம்மதி. வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது, வந்தது இன்னும் போகவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கோ என்று சொல்லத்தான் நினைத்தேன். "தாங்ஸ் அண்ணை" என்றுதான் வாய் சொன்னது.

அடுத்த வருடமே கடையைப் பூட்டினார். வீட்டையும் மாற்றிக்கொண்டு லண்டனிலேயே பிளேஸ்டோ பக்கம் போய், அங்கே வேறொருவரின் கடையில் சம்பளத்துக்கு நிற்கிறார். ஒருமுறை அவர் நிற்பது தெரியாமல் அந்தக் கடைக்குள் நுழைந்துவிட்டேன். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, பக்கத்தில் நின்ற முதலாளியிடம், "இவர்தான் எங்கட கவுன்சில் தம்பி, உங்களுக்கு ஏதும் எழுதவேணுமெண்டா இவரிட்டக் குடுங்கோ" என்றார்.