தலைமைப் பயிற்சிக்குப் போன பாஸ்டர்

பாஸ்டர் வேலையில் வார விடுமுறை கிடையாது. ஆனால் தலைமைத்துவப் பயிற்சி முகாம் மட்டும் வருஷத்துக்கு நாலு கட்டாயம் உண்டு. கழுத்தில் பெயர் அட்டை, கையில் கோப்பு, மதியம் தயிர் சாதம் சாப்பிட்ட கையோடு "தலைவனும் தரிசனமும்" என்று ஒரு வகுப்பு. கொட்டாவியை வாய்க்குள்ளேயே விழுங்கப் பழகிய சக ஊழியர்களே, நீங்களும் பட்டிருப்பீர்கள். நான் பட்டதைச் சொல்கிறேன்.

எங்கள் சபை புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் கூடுகிறது. அறுபது பேர் வருவார்கள். மழை பெய்தால் நாற்பது.

ஆயிரம் பேர்

முதல் முகாம் கடலோரம் ஒரு ரிசார்ட்டில் நடந்தது. பயிற்சியாளர் வெளியூர்க்காரர். காதிலிருந்து வாய்வரை வளைந்து வரும் மைக் மாட்டியிருந்தார். புதுச்சேரிக்காரர்கள் என்று எங்களைக் கௌரவிப்பதற்காக பிரெஞ்சில் "போன்ழூர்" என்று வணக்கம் சொன்னார். நாங்கள் எல்லோரும் "அல்லேலூயா" என்றோம்.

ஐந்து வருடத்தில் உங்கள் சபை எப்படி இருக்கும் என்று ஒரே வரியில் எழுதச் சொன்னார். நான் கொஞ்சமும் கூசாமல் "ஆயிரம் பேர், சொந்தக் கட்டடம்" என்று எழுதினேன். எழுதியதைப் படித்தபோது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. பக்கத்தில் வில்லியனூர் பாஸ்டர் தானியேல், என் வயதுக்காரர், எதையோ எழுதிக் கவிழ்த்து வைத்திருந்தார். என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"போன வாரம் மூணு வீட்டுக்காரங்க சபைக்கு வரல, போய்ப் பார்க்கணும்னு எழுதியிருக்கேன். அதுக்கு எதுக்குங்க அஞ்சு வருஷம், செவ்வாக்கிழமைக்குள்ள முடிஞ்சிடும்."

எல்லோரும் தலைவர்கள்

பொறுப்பைப் பகிர்ந்து கொடுக்காதவன் தலைவன் அல்ல, கூலியாள் என்று அந்த முகாமில் சொன்னார்கள். அதுவரை ஞாயிறு காலையில் நானும் ராஜேந்திரனும்தான் ஹாலைக் கூட்டிப் பாய் விரிப்போம். ராஜேந்திரன் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவர். இருவரும் பேசிக்கொண்டே அரை மணி நேரத்தில் முடித்துவிடுவோம். அந்தக் கூலிப் பிழைப்பு இனி வேண்டாம் என்று ஏழு குழுக்கள் அமைத்து, ஏழு தலைவர்களை நியமித்தேன். ராஜேந்திரன் வளாகப் பராமரிப்புக் குழுத் தலைவர். எங்கள் வளாகம் என்பது ஒரு ஹாலும் ஒரு மாடிப்படியும். ஆளுக்கொரு பேட்ஜ் குத்தி, ஜெபம் பண்ணி அனுப்பினேன்.

அடுத்த ஞாயிறு ஒன்பது மணிக்கு, தலைவனுக்குரிய நிதானத்தோடு படியேறினேன். ஏழு பேரும் பேட்ஜோடு வாசலில் நின்றார்கள். உள்ளே வியாழக்கிழமைக் கூட்டத்தின் குப்பை அப்படியே கிடந்தது. ஏன் பாய் விரிக்கவில்லை என்று ராஜேந்திரனைக் கேட்டேன். அவர் நிதானமாகத்தான் பதில் சொன்னார்.

"நான் தலைவர்தான் பாஸ்டர், குழுவுல வேற ஆளே போடலியே நீங்க. கூப்பிட்டா வர்ற ஏழு பேரையும் தலைவராக்கிட்டீங்க, பாய் விரிக்கக் கீழ மார்க்கெட்லேருந்து ரெண்டு பேரைக் கூட்டியாரட்டா?"

பெயர் இல்லாத சீட்டு

நல்ல தலைவன் விமர்சனத்தை வரவேற்பான் என்பது அடுத்த பாடம். ஒரு பெட்டி வைத்தேன். என் குறைகளைத் தாராளமாக எழுதிப் போடலாம், பெயர் வேண்டாம் என்று அறிவித்தேன். என்னிடம் அப்படி என்ன குறை இருந்துவிடப்போகிறது என்ற தைரியம்தான். நாலு சீட்டு விழுந்தது. மூன்றில் ஃபேன் சத்தம் போடுகிறது என்று இருந்தது. நாலாவதில், "பாஸ்டர் எங்களுக்காக ஜெபம் பண்ணும்போது ஒரு கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்க்கிறார்" என்று இருந்தது.

உண்மைதான். அதனால்தான் சுட்டது. கடிகாரத்துக்கு நேர் கீழே உட்காருகிறவர் ஒருவர்தான்: பிள்ளைச்சாவடியிலிருந்து மீன் கூடையோடு வந்து மார்க்கெட்டில் விற்கும் செல்வி அக்கா. அடுத்த ஞாயிறு நாவை அடக்குவது பற்றி முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்தேன். பெயர் சொல்லவில்லை. சந்தையில் சத்தம் போட்டுப் பழகிய சிலர், சபைக்கு வந்தும் வாயைக் கட்டுவதில்லை என்று மட்டும் சொன்னேன். கூட்டம் முடிந்ததும் செல்வி அக்கா நேராக வந்தார்.

"பேர் எழுத வேணாம்னீங்க, எழுதல. நீங்களும் பேர் சொல்லல, ஆனா நான் நாளைக்கு என்ன மீன் விக்கப்போறேன்றது தவிர எல்லாத்தையும் சொல்லிட்டீங்க."

கூடையில் போட்ட போன்

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அடுத்த முகாம் மாமல்லபுரத்துப் பக்கம், மூன்று நாள். தலைவன் தன் நேரத்துக்கு வேலி போட வேண்டும் என்று சொல்லி, காலையிலேயே எல்லோருடைய போனையும் அணைத்து ஒரு கூடையில் போடச் சொன்னார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குத் திரும்பக் கொடுப்பார்களாம். எனக்கு அது பிடித்திருந்தது. யாரும் கூப்பிட முடியாத அளவுக்கு முக்கியமானவனாகிவிட்டேன் அல்லவா.

இரண்டாம் நாள் பாடம், துக்கத்தில் இருப்பவருக்கு ஆறுதல் சொல்வது. ஒருவர் பாஸ்டராக நடிக்க வேண்டும், இன்னொருவர் தாயை இழந்த மகனாக. மகன் நான்தான். நன்றாகவே அழுதேன். கைதட்டினார்கள். சிறந்த நடிப்பு என்று ஒரு பேனா கொடுத்தார்கள்.

ஐந்து மணிக்குப் போனைத் திறந்தேன். ராஜேந்திரனிடமிருந்து எட்டு அழைப்பு, என் மனைவியிடமிருந்து பன்னிரண்டு. ராஜேந்திரனின் அம்மா காலையில் இறந்துவிட்டார். நான் வருவேன் வருவேன் என்று நாலு மணிவரை காத்திருந்திருக்கிறார்கள். கோடை வெயில், ஐஸ் பெட்டி கிடைக்கவில்லை. அதற்கு மேல் வைத்திருக்க முடியாமல் எடுத்துவிட்டார்கள். நான் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது வாசலில் வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ராஜேந்திரன் எனக்காக ஒன்றைப் பிரித்துப் போட்டார். உட்கார முடியவில்லை. எந்த வசனமும் வாயில் வரவில்லை. மத்தியானம் அத்தனை பேர் முன்னால் வந்த அழுகையும் வரவில்லை. நான் எந்த வகுப்புக்குப் போயிருந்தேன் என்பதை என் மனைவி ராஜேந்திரனிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

"ஆறுதல் சொல்றது எப்படின்னு கிளாஸ் எடுத்தாங்களாமே பாஸ்டர். எங்கம்மாவுக்கு செல்வி அக்கா ஜெபம் பண்ணி மண்ணு போட்டாங்க. அவங்க எந்தக் கிளாசுக்கும் போனதில்ல."

முடியாது

அந்த வார ஞாயிறு பிரசங்கம் பண்ணவில்லை. சபைக்கு முன்னால் நின்று ராஜேந்திரனிடமும் செல்வி அக்காவிடமும் மன்னிப்புக் கேட்டேன். ராஜேந்திரன் தலையை மட்டும் ஆட்டினார். மூன்று வாரம் சபைப் பக்கமே வரவில்லை. நாலாவது வாரம் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். இன்னும் அங்கேதான் உட்காருகிறார்.

முகாம் நடத்துகிறவர் போன மாதம் கூப்பிட்டார். நான் பழைய மாணவனாம், நல்ல அனுபவசாலியாம். அடுத்த முகாமில் துக்க வீட்டு ஊழியம் பற்றி நானே ஒரு வகுப்பு எடுக்க வேண்டுமாம். நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். எனக்கு அந்த யோக்கியதை இல்லை, வர முடியாது என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். எங்கோ குறித்துக்கொள்வதுபோல பேனா கீறும் சத்தம் கேட்டது.

"அருமை பாஸ்டர். முடியாதுன்னு சொல்லத் தெரிஞ்சவன்தான் தலைவன், அதையே ஒன்றரை மணி நேர கிளாஸா எடுத்துடுங்க."

ஆட்டைத் தொலைத்த மேய்ப்பன் அதைத் தேடிப் போவான், வழியைத் தொலைத்த மேய்ப்பன் பயிற்சி கொடுக்கப் போவான் என்பதுதான் இத்தனை முகாம்களில் நான் கற்றுத் தேறிய தலைமைத்துவம்.